படகு டிரெய்லரின் பிரேக் பராமரிப்பு: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முட்டுக்காடு, கோவளம், பழவேற்காடு என்று படகை டிரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிறவர்களுக்காக எழுதியது இது. எஞ்சினுக்கு சர்வீஸ் நடக்கும், படகுக்கு பாலிஷ் நடக்கும், டிரெய்லர் பிரேக்கை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இ.சி.ஆரில் முன்னால் போகிற பைக்கில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர் அந்த பிரேக்கை நம்பித்தான் போகிறார், அவருக்கே தெரியாமல்.

எல்லாப் படகு டிரெய்லருக்கும் பிரேக் வேண்டுமா?

வேண்டாம். எடையைப் பொறுத்தது. லேசர் வகைப் பாய்ப்படகின் உடல் 60 கிலோகூட இருக்காது. அதைச் சுமக்கிற குட்டி டிரெய்லருக்கு பிரேக் இல்லாவிட்டாலும் காரின் பிரேக்கே போதும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். நம் ஊர்ச் சாலைக்கும் அந்த அளவையே கோடாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. திடீரென்று குறுக்கே வரும் மாடும் ஆட்டோவும் இங்கேதான் அதிகம்.

மொத்த எடை என்றால் படகு விற்றவர் சொன்ன எடை இல்லை. 60 குதிரைத்திறன் உள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றே நூறு கிலோவைத் தாண்டும். 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 75 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, அப்புறம் டிரெய்லரின் சொந்த எடை. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரி நிறுத்துகிற எடை மேடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆர்.டி.ஓ. பதிவு டிரெய்லருக்கும் உண்டா?

உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையிலேயே டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பட்டறையில் வெல்டிங் அடித்துச் செய்தது என்பதால் விலக்கு கிடையாது.

என்னுடையதில் என்ன வகை பிரேக் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் காரோடு மாட்டுகிற கப்ளிங்கைப் பாருங்கள். அது ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி இருந்தால் தள்ளுவிசையில் வேலை செய்கிற பிரேக். கார் வேகம் குறைக்கும்போது பின்னால் வரும் டிரெய்லர் முன்னே தள்ளும், கப்ளிங் உள்ளே போகும், அந்த விசையே பிரேக்கைப் பிடிக்கும். இதற்குக் காரிலிருந்து எந்தக் கட்டளையும் வேண்டாம்.

இதில் இரண்டு வகை. கப்ளிங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றுகிற மூடியும் அங்கிருந்து சக்கரம் வரை மெல்லிய பைப்பும் போனால் ஹைட்ராலிக். பைப்புக்குப் பதில் நீளமான இரும்புத் தண்டும் அதிலிருந்து கேபிளும் போனால் மெக்கானிக்கல். ஐரோப்பாவிலிருந்து வரும் டிரெய்லர்களில் பெரும்பாலும் மெக்கானிக்கல், அமெரிக்க வகையில் ஹைட்ராலிக். சக்கரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு ஒயர் மட்டும் வெளியே வந்தால் எலெக்ட்ரிக் பிரேக். டிரம்முக்குள் (சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புக் கிண்ணம்) மின்காந்தம் இருக்கும். உப்புத் தண்ணீரில் இறங்குகிற டிரெய்லருக்கு இந்தக் கடைசி வகையை வாங்காதீர்கள். காந்தமும் ஒயர் இணைப்பும் உப்பில் சீக்கிரம் அரித்துப்போகும்.

என் டிரெய்லர் மாதத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. அதற்கு ஏன் இவ்வளவு பராமரிப்பு?

குறைவாக ஓடுவதுதான் சிக்கலே. காரின் பிரேக் ஓடி ஓடித் தேயும். படகு டிரெய்லரின் பிரேக் நின்று நின்று கெடும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கி ஏற்றும்போது டிரம் நிறையக் கடல்நீர் போய் வெளியே வடிகிறது. தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்போடு கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு அதைவிட மோசம், 33 சதவீதத்திலேயே கசியும். அடைமழைக் காலத்தில் ஜாடியில் கல்லுப்பு தண்ணீர் விடுகிறதே, டிரம்முக்குள் நடப்பதும் அதேதான். கடற்கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஷெட்டில் நிறுத்தியிருந்தாலும் சரி, சென்னைக் காற்றில் அந்த உப்பு இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற ஷூவும், ஸ்பிரிங்கும், ஷூவின் இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டரும் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். அடுத்த மாதம் நீங்கள் வண்டியை எடுக்கும்போது மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது, பிரேக் மட்டும் போயிருக்கும்.

அப்படியானால் கழுவினால் போதுமா? எப்படிக் கழுவுவது?

கழுவுவதுதான் பாதி வேலை. ஆனால் சக்கரத்துக்கு வெளியே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிப்பதால் டிரம்முக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகாது. டிரம்மின் பின்பக்கத் தட்டில் அட்ஜஸ்ட் செய்ய ஒரு ஓட்டை இருக்கும். அதன் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். கீழே வடிகிற தண்ணீர் தெளியும் வரை விட வேண்டும். பின்தட்டில் நிரந்தரமாகக் குழாய் மாட்டி, தோட்ட ஹோஸை அப்படியே செருகிக் கழுவுகிற கிட் கிடைக்கிறது. வாங்கக்கூடிய பொருள்களில் அதற்குக் கொடுக்கிற காசுதான் முதல் தரமான செலவு. வேகத்தைவிடத் தண்ணீரின் அளவு முக்கியம். பிரஷர் வாஷரை பேரிங் சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், அது சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும்.

நாள் கடத்தக் கூடாது. அன்றைக்கே, முடிந்தால் வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் செய்யுங்கள். உப்பு காய்ந்து இறுகிவிட்டால் கரைக்க அதிகத் தண்ணீர் பிடிக்கும். கழுவி முடித்ததும் தெருவில் ஒரு சுற்றுப் போய், மெதுவாக நாலைந்து முறை பிரேக் பிடித்து வாருங்கள். அந்தச் சூட்டில் டிரம் உள்ளே காய்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். பரவாயில்லையா?

வாயில் ஒரு மடக்கு வைத்துப் பாருங்கள். கரித்தால் அதில் கழுவாதீர்கள். கடலோரப் பகுதிகளில், முக்கியமாகக் கடலை ஒட்டிய தெருக்களிலும் மீஞ்சூர் பக்கமும், நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பை எடுத்து உப்பை வைப்பதுதான். வேறு வழியே இல்லை என்றால் முதலில் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியில் இரண்டு பக்கெட் மெட்ரோ தண்ணீரை ஒரு டிரம்முக்கு ஒன்று என்று விட்டால்கூட நல்ல வித்தியாசம் தெரியும். மழைக்காலத்தில் மாடியிலிருந்து பிடித்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

தண்ணீரில் இறக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கச் சொல்கிறார்களே, ஏன்?

இ.சி.ஆரில் ஒரு மணி நேரம் ஓடி வந்த ஹப் (சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கிற பகுதி) நல்ல சூட்டில் இருக்கும். உள்ளே இருக்கிற காற்றும் விரிந்திருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கும். அந்த வெற்றிடம் ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை பேரிங்குக்குள் இழுக்கும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். படகில் சாமான் ஏற்றுவது, கட்டுகளை அவிழ்ப்பது எல்லாவற்றையும் அந்த நேரத்தில் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. சக்கரம் முழுவதும் மூழ்கினால்தான் படகு மிதக்கும் என்று இல்லை. டிரெய்லரில் படகைத் தாங்குகிற உருளைகள் நன்றாகச் சுற்றினால், தண்ணீர் ரிம்மின் அடியைத் தொடும்போதே பல படகுகளைத் தள்ளி இறக்கிவிடலாம். ஹப் நனையாமல் வேலை முடிந்தால் அதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது.

டிரம்மை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்? உள்ளே எதைப் பார்ப்பது?

உப்புத் தண்ணீரில் இறங்குகிற டிரெய்லர் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, மழை விட்ட பிறகு ஜனவரியில் ஒன்று. ஏரித் தண்ணீரோடு நிற்பது என்றால் ஒருமுறை போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஜாக்கி ஏற்றி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஷூவின் மேல் உரசுவதற்காக ஒட்டியிருக்கிற லைனிங் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது பிரேக் கிளீனர் அடித்து வழியவிடுங்கள்.

டிரம் வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது நிறம். லேசான பழுப்புத் தூள் என்றால் பயமில்லை. அடியில் ஈரமான செம்பழுப்புக் குழம்பும், ஓரங்களில் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் கழுவியது போதவில்லை. அடுத்து ஷூவைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். இரும்புத் தகடும் லைனிங்கும் ஒட்டுகிற கோட்டில் ஒரு நகம் நுழைகிற இடைவெளி தெரிகிறதா? துரு அடியில் வளர்ந்து லைனிங்கை மேலே தூக்குகிறது என்று அர்த்தம். லைனிங் புத்தம் புதுசாக, முழுக் கனத்தோடு இருக்கும். ஒருநாள் அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அது முழுத் துண்டாகக் கழன்று டிரம்முக்குள் சிக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். ‘இன்னும் லைனிங் நிறைய இருக்கே’ என்று மெக்கானிக் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். தேய்மானத்தைப் பொறுத்தவரை, ரிவெட் அடித்த லைனிங்கில் ரிவெட் தலைக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.

பிறகு ஹைட்ராலிக் வகையில் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர். அதன் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் உறையின் விளிம்பை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல விலக்குங்கள். காய்ந்திருந்தால் சரி. பழுப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தால் உள்ளே கடல்நீர் போய்விட்டது. எண்ணெய் கசிந்தால் ரப்பர் கப் போய்விட்டது. சிலிண்டர் சுவரில் குழி விழவில்லை என்றால் ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம், குழி இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்பிரிங்கில் எங்காவது மெலிந்திருந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். விலை அற்பம்.

டிரம் கழலவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கலாமா?

முதலில் பின்தட்டு ஓட்டை வழியாக அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் தளர்த்துங்கள். ஷூ டிரம்மின் உள்விளிம்பில் மாட்டிக்கொண்டிருப்பதுதான் முக்கால்வாசிக் காரணம். பிறகும் வரவில்லை என்றால் மரச் சுத்தியலால் சுற்றிலும் மாறி மாறித் தட்டலாம். வார்ப்பிரும்பின் விளிம்பில் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும்.

ஒரு மாதம் நிறுத்தியிருந்தேன். இப்போது சக்கரம் சுற்றவே இல்லை.

ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினீர்களா? ஈர டிரம்மோடு ஷூ ஒட்டித் துருப்பிடித்திருக்கும். காரை வைத்து இழுத்து உடைக்கப் பார்க்காதீர்கள். லைனிங் பிய்ந்து டிரம்மிலேயே ஒட்டிக்கொள்ளும். கப்ளிங்கை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். டயரைக் கழற்றி டிரம்மின் வெளிவட்டத்தில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். விட்ட பிறகு அப்படியே ஓட்டிப் போகாமல் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும்.

இனிமேல் வீட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ராம்ப்பிலும் சரிவிலும் மட்டும் ஹேண்ட்பிரேக் போதும், அங்கேயும் கட்டையோடு. மெக்கானிக்கல் வகையில் லிவரை முழுசாக மேலே இழுக்க வேண்டும். பாதியில் விட்டால் டிரெய்லர் பின்னால் நகர ஆரம்பித்ததும் பிடிமானம் விட்டுப்போகும். முழுசாக இழுத்தால் கொஞ்சம் நகர்ந்து பிறகு ஸ்பிரிங்கின் இழுப்பில் நிற்கும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

பிரேக் ஆயில் எது ஊற்றுவது? எப்போது மாற்றுவது?

மூடியிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. இரண்டும் ஒரே குடும்பம். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரமானால் 155. டாட் 5 மட்டும் சிலிகான், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4இன் வரிசையில் வருவது.

இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. நம் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. ஈரம் ஏறினால் கொதிநிலை குறைவது ஒரு பக்கம், சிலிண்டரும் பைப்பும் உள்பக்கமிருந்து அரிப்பது இன்னொரு பக்கம். டிரெய்லருக்கு இரண்டாவதுதான் பெரிய எதிரி. அதனால் ஓடிய தூரத்தைப் பார்க்காமல் வருடம் ஒருமுறை முழுசாக மாற்றுங்கள். திறந்துவைத்த பழைய பாட்டிலிலிருந்து ஊற்றாதீர்கள். படகின் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பிரேக் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது எப்படி? காரில் பெடல் இருக்கிறது, இதில் எதை மிதிப்பது?

பெடலின் வேலையைக் கப்ளிங் செய்கிறது. அதை உள்ளே தள்ளினால், ஆயிலைப் பைப்புக்குள் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் அழுந்தும். பல மாடல்களில் கப்ளிங்கின் அடியிலோ பக்கத்திலோ உள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக வைத்துத் தள்ளுதண்டை அழுத்தலாம். இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ப்ளீடர் நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே தள்ளுதண்டை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இப்படியே. இடையில் மேலே உள்ள தொட்டி காலியானால் மறுபடி முதலிலிருந்து.

நிப்பிள் துருவில் உடைவது வழக்கமான தலைவலி. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சரியான அளவு ரிங் ஸ்பேனர் போடுங்கள். முடிந்ததும் நிப்பிளின் ரப்பர் தொப்பியை மறக்காமல் மாட்டுங்கள்.

பிரேக் கொஞ்சம் லேட்டாகப் பிடிக்கிறது. எங்கே அட்ஜஸ்ட் செய்வது?

சக்கரத்தில். எப்போதும் சக்கரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும். மெக்கானிக்கல் வகையில் நடுத்தண்டின் நட்டை இறுக்கி ‘சரி செய்துவிட்டேன்’ என்று தருகிற பட்டறைகள் உண்டு. அது சக்கரத்தில் இருக்கிற தேய்மானத்தை மறைத்து, ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக்கைப் பிடிக்க வைக்கும்.

சக்கரத்தைத் தூக்கி, முன்னால் ஓடுகிற திசையில் மட்டும் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரை இறுக்குங்கள். கையால் சுற்ற முடியாமல் நின்றதும் தளர்த்த ஆரம்பிக்க வேண்டும். ஹைட்ராலிக் டிரம்மில் பொதுவாகப் பத்துப் பல் அளவு. லேசாக உரசுகிற சத்தத்தோடு தடையில்லாமல் சுற்றினால் சரி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும்.

கப்ளிங்கின் நகரும் தண்டுக்கு கிரீஸ் நிப்பிள் இருந்தால் அதற்கும் கிரீஸ் அடியுங்கள். அந்தத் தண்டு உள்ளே போகும்போது நல்ல எதிர்ப்பு தர வேண்டும், விட்டால் நிதானமாக வெளியே வர வேண்டும். சுலபமாக உள்ளே போய் ‘டக்’கென்று இடித்தால், அந்த எதிர்ப்பைத் தருகிற டாம்ப்பர் போய்விட்டது.

ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் பிரேக் பிடித்து நிற்கிறது. இது பழுதா?

எல்லா நேரத்திலும் இல்லை. ரிவர்ஸில் கார் தள்ளும்போதும் கப்ளிங் உள்ளே போகிறது, அதனால் பிரேக்குக்கு வித்தியாசம் தெரியாது. இதைத் தவிர்க்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. பின்னோக்கிச் சுற்றினால் தானாக விலகிக்கொள்கிற ஷூ, ரிவர்ஸ் விளக்கின் மின்சாரத்தில் ஆயிலைத் தடுக்கிற சோலனாய்டு, பழைய மாடல்களில் கையால் போடுகிற பூட்டு. தானாக விலகும் ஷூ உள்ளதில் பிரச்சினை வந்தால் துருவோ அதிக இறுக்கமோதான் காரணம். சோலனாய்டு என்றால் காரின் ரிவர்ஸ் விளக்கு ஒயர் டிரெய்லர் பிளக்கில் வந்து சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பூட்டு போட்டவர்கள் கிளம்பும் முன் எடுக்க மறந்தால் பிரேக்கே இல்லாமல் சாலையில் போய்க்கொண்டிருப்பார்கள். அதன் மேல் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள்.

வழியில் தொட்டுப் பார்த்தால் ஒரு ஹப் மட்டும் சுடுகிறது.

நல்ல பழக்கம், எல்லோரும் செய்ய வேண்டியது. கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி, எல்லா ஹப்பையும் பாருங்கள். முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய், பிறகு தொடுங்கள். லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் போகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடினாலோ பேரிங். சத்தமில்லாமல் கனமாகச் சுற்றினால் பிரேக். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தாலும் சந்தோஷப்படாதீர்கள், அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை.

நிறுத்தின பிறகும் பிரேக் விடாமல் இருந்தால் ரப்பர் ஹோஸையும் சந்தேகப்படுங்கள். வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்து, போன ஆயிலைத் திரும்ப விடாது.

பேரிங் கிரீஸுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஆயில் சீல்தான் சம்பந்தம். ஹப்பின் வெளித்தொப்பியில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது என்பதற்காகக் கை வலிக்கும் வரை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இடமில்லாத கிரீஸ் பின்பக்க சீலைத் தள்ளிக்கொண்டு நேராக லைனிங்கில் போய் விழும். கிரீஸ் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டினால் முதல் சூட்டிலேயே ஊறின கிரீஸ் திரும்ப மேலே வரும். மாற்றத்தான் வேண்டும், அதுவும் அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து.

கழற்றும்போது கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பேரிங்கைத் துடைத்து, உருளைகளில் குழி இல்லை என்றால் தண்ணீர் தாங்கும் மரைன் கிரீஸைப் புதிதாக நிரப்புங்கள். சீலும் ஸ்ப்ளிட் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது. சக்கரம் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

துரு வராமல் இருக்க டிரம்முக்குள் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா?

கூடவே கூடாது. பிரேக் இல்லாமல் போய்விடும்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க்குக்கு மாறலாமா?

உங்களுடையது ஹைட்ராலிக் என்றால் மாறுங்கள் என்றே சொல்வேன். டிஸ்க்கில் உப்பு ஒளிந்துகொள்ள இடமில்லை, ஹோஸ் பிடித்தால் எல்லா இடமும் நனையும், டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துகிற பேடின் கனத்தைச் சக்கரத்தைக் கழற்றாமலே பல நேரம் பார்த்துவிடலாம். டிஸ்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் சிறப்பு. ஆனால் மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டியிருக்கும். டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும், டிரம்முக்கென்று செய்த கப்ளிங் அதைத் தராது. டிரம் அமைப்பில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். மாற்றிய பிறகும் கேலிப்பர் (பேடைத் தாங்கி அழுத்துகிற பாகம்) நகரும் பின்களுக்கு வருடம் ஒருமுறை சிலிகான் கிரீஸ் போடவில்லை என்றால் அதுவும் இறுகிவிடும்.

பைப் மாற்றுகிற வேளை வந்தால் சாதா இரும்புக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலந்த பிரேக் பைப்பைத் தேடுங்கள். வளைக்கவும் சுலபம், கடல்நீருக்கும் தாங்கும். வெறும் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது.

சென்னையில் பாகங்கள் எங்கே கிடைக்கும்? படகு டிரெய்லர் மெக்கானிக் என்று யாரையும் காணோமே.

படகு டிரெய்லருக்கென்று தனி மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம். பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் பாகமும் லைனிங்கும் தயாராகிற ஊர் இது. பழைய ஷூவைக் கொண்டுபோனால் புது லைனிங் அடித்துக் கொடுக்கிற கடைகளும், டிரம்மை லேத்தில் கடைந்து தருகிற பட்டறைகளும் இருக்கின்றன. ஒரே எச்சரிக்கை, டிரம்மில் அச்சடித்திருக்கிற அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிக் கடைய விடாதீர்கள். பேரிங்கும் ஆயில் சீலும் அதன் மேல் உள்ள நம்பரை வைத்து வாங்குகிற பொருள். பழையதைத் துடைத்து நம்பரைக் குறித்துக்கொண்டு போனால் பாரிமுனைப் பக்கத்திலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைத்துவிடும். புதுப்பேட்டையில் பழைய ஹப், ரிம் வாங்கலாம். பழைய வீல் சிலிண்டர், ஹோஸ், ஷூ வாங்காதீர்கள்.

கிடைக்காதவை தானாக விலகும் ஷூ, கப்ளிங் டாம்ப்பர் போன்றவை. அவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நாளாகும் என்பதால் ஒரு செட் கையிருப்பில் இருப்பது நல்லது.

பிரேக்அவே கேபிள் என்று ஒன்று தொங்குகிறது. அதைக் காரில் எங்கே மாட்டுவது?

காரின் உடலோடு இணைந்த உறுதியான வளையத்தில் மாட்ட வேண்டும். காரில் கப்ளிங் உட்காருகிற உருண்டையின் (ஹிட்ச் பால்) கழுத்தில் சும்மா சுற்றிவிடாதீர்கள். கப்ளிங் கழன்றால் அந்தக் கேபிள் இழுபட்டு டிரெய்லரின் பிரேக்கைத் தானே போட வேண்டும், அதுதான் அதன் வேலை. திரும்பும்போது இறுகாத அளவு தளர்வு இருக்கட்டும், தரையில் தேயக் கூடாது. மெல்லிய கம்பி ஒன்றிரண்டு பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள்.

வெள்ளத்தில் டிரெய்லர் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, விட்டுவிடலாமா?

விடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீர் சாக்கடையும் சேறும் கலந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி போன்ற இடங்களில் நாள்கணக்கில் நின்றது. நுண்ணிய சேறு சீலைத் தாண்டி பேரிங்குக்குள் போனால் உப்பைவிட வேகமாக அரைத்துவிடும். நான்கு வேலை: டிரம்மைத் திறந்து கழுவுவது, பேரிங்கை எடுத்து மறுபடி கிரீஸ் போட்டுப் புது சீல் வைப்பது, பிரேக் ஆயிலை முழுசாக மாற்றுவது, மெக்கானிக்கல் என்றால் கேபிள்கள் உறைக்குள் தடையில்லாமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பது. இதை முடிக்காமல் சாலைக்கு எடுக்காதீர்கள்.

பழைய டிரெய்லர் வாங்கப் போகிறேன். பிரேக்கில் எதைப் பார்ப்பது?

புதுசாக அடித்த பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் வருடக்கணக்கில் மாற்றவில்லை. ஆக்சிலோடு ஒட்டிப் போகிற பைப்பின் கிளிப்புகளுக்கு அடியில் விரலால் தடவுங்கள், அங்கேதான் முதலில் துரு செதிலாக உரியும். இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றி, ஒருவரைக் கப்ளிங்கைத் தள்ளச் சொல்லி, இரண்டும் ஒரே நேரத்தில் நின்று ஒரே நேரத்தில் விடுகின்றனவா என்று பாருங்கள். விற்பவர் ஒரு டிரம்மைக் கழற்றிக் காட்டச் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்கவில்லை என்றால் இரண்டு சக்கரத்துக்கும் ஷூ, சிலிண்டர், பேரிங், சீல், ஹோஸ் முழுசாக மாற்றுகிற செலவைக் கணக்குப் போட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.